அம்மா எழுதிய ஆங்கிலக் கடிதம்

இன்று அலுவலகத்தில் யாரோ, பிழையை வெள்ளையாகப் பூசி அழிக்கும் திருத்துமை பாட்டிலைத் திறந்தார்கள். அந்த நெடியில் சிங்கப்பூரில் எங்கள் பழைய ஆங் மோ கியோ வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது.

நான் பள்ளியில் படித்த காலம். நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் காப்பியடித்தது என்று சொல்லிவிட்டார் ஆசிரியை. பெற்றோர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம்.

"சாரின்னு எழுதிக் குடுத்துடு லா," என்றார் அப்பா.

அம்மா ஃபேக்டரி யூனிஃபார்மோடு அகராதியை விரித்து உட்கார்ந்தார். "சாரின்னா, புள்ள காப்பியடிச்சதா ஒத்துக்கிட்ட மாதிரிங்க. டீச்சர் கவலை புரியுதுன்னு எழுதலாம். ஏத்துக்கிறேன்னு எழுதவே மாட்டேன்."

சரியான சொல் கிடைக்கும்வரை திருத்துமையால் அழித்து அழித்து எழுதினார். என் அலுவலகத்துப் பட்டதாரிகள் ஒருத்தரும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடுபடுவதில்லை.

ஆசிரியை படித்துவிட்டு, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். அம்மாதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

மறுநாள் அம்மா லீவு போட்டுப் பள்ளிக்கு வந்தார். ஆசிரியை எதிரிலேயே உட்கார்ந்து, முழுக் கடிதத்தையும் ஒரு சொல் மாறாமல் திரும்ப எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார். "இப்ப நீ உன் கட்டுரைய எழுதுடி."

முதல் பத்தியிலேயே ஆசிரியை, "போதும், நம்புகிறேன்," என்றார்.

அம்மா நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "அவள் முடிக்கட்டும்."