போனில் கேட்ட துப்பாக்கிச் சத்தம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். போன நவம்பர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனின் மறுமுனையில் என் மகள். அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம், ஒரு சின்ன ஊரில், ஒரு காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

அவள் செடிகளைப் பற்றி மேற்படிப்புப் படிக்கப் போனவள். போய் மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஊரின் ஓரத்தில், தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். வழக்கமாகக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போவாள். அந்த வாரம் அங்கே தொடர் விடுமுறை. பஸ் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்துச் செடிகளுக்கு விடுமுறை தெரியுமா? தண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து காட்டின் ஊடே ஒரு நடைபாதை போகிறது, அதில் போனால் சீக்கிரம் என்றாள். தனியாக எங்கே நடந்தாலும் என்னோடு போனில் பேசிக்கொண்டே நடக்கவேண்டும் என்பது அவள் விமானம் ஏறும்போது நான் போட்ட சட்டம். அதை அவள் மீறியதே இல்லை.

"மரப்பாலம் வந்துடுச்சும்மா. கீழ ஓடையில ஓரமா ஐஸ் கட்டியிருக்கு" என்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டப். எங்கோ தொலைவில். கல்யாண ஊர்வலத்துப் பட்டாசு மாதிரி இருந்தது.

"என்னடி, அங்கேயும் பட்டாசா?"

"விடியக்காலையில யாரும்மா இங்க பட்டாசு வெடிப்பாங்க?" என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இன்னொரு டப். இது பக்கத்தில். அடுத்ததாக எதிர்ப்பக்கமிருந்து இரண்டு. அவள் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. "அம்மா, இது துப்பாக்கி."

என் கையில் கத்தி இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. அவள் கிளம்புவதற்கு முன் பல்கலைக்கழகம் பெற்றோர்களுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தது. யாராவது துப்பாக்கியோடு புகுந்து சுட்டால் ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், சத்தம் போடாதே என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள் நான். அமெரிக்கா என்றாலே அந்த வீடியோதான் எனக்கு. அதனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கட்டளையாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னேன். பாதையை விட்டு இறங்கு. புதருக்குள் போய் உட்கார். போனைச் சைலண்ட்டில் போட்டுப் பைக்குள் வை, வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது.

"யார் கூப்பிட்டாலும் வராதே. போலீஸ்னு சொன்னாலும் வராதே. என் குரல் கேட்டாத்தான் வரணும். புரியுதா?"

"சரிம்மா." அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பதறினால் காரியம் கெடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே தொண்டை கட்டியவள். கணவர் ஓசூரில் வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். அவரிடம் சொன்னால் இரண்டு பேர் பயப்படுவோம், அவ்வளவுதான். அங்கே அவசரத்துக்கு எல்லாரும் கூப்பிடும் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நம் ஊரிலிருந்து அது போகவே இல்லை. மிச்சம் இருந்தது அந்த வீட்டுக்கார அம்மாளின் எண் ஒன்றுதான். ஆனால் மகள் கூப்பிட்டால் என் போன் காலியாக இருக்கவேண்டுமே? வேறு போன் வேண்டும்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் குடகுக்காரர். ஆஸ்பத்திரி ஒன்றில் நிர்வாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அக்கா என்பேன். அவர் மகன் கனடாவில் இருக்கிறான். அக்காவின் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசலாம்.

"ஏனாய்த்து ரீ? என்ன ஆச்சு, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார். பத்து வார்த்தைகளில் சொன்னேன். யாரோ துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு அலைகிறான், என் பெண் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள்.

அக்கா போனை எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சத்தம் எப்படி வந்தது? சரசரன்னு அடுத்தடுத்தா, விட்டு விட்டா?"

அந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொன்னேன். தூரத்தில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் ஒன்று. பிறகு வேறு பக்கத்திலிருந்து இரண்டு.

"வேற வேற பக்கமா? விடியற நேரத்துலயா?" அக்கா தலையை ஆட்டினார். "இது பைத்தியக்காரன் சுடற சத்தம் இல்ல ரீ. பைத்தியக்காரன் ஒரே இடத்துல நின்னு ஒரே மூச்சுல சுடுவான். இது ஷிகார். வேட்டை. குடகுல எங்க வீட்டுல துப்பாக்கிக்கு வருஷா வருஷம் பூஜையே பண்ணுவோம், எனக்குத் தெரியாதா? என் மகன் இருக்கற இடத்துலயும் இந்த மாசத்துலதான் மான் வேட்டைக்கு விடறாங்க. முதல் நாள்னா ஊரே காட்டுக்குள்ளதான் இருக்கும்."

எனக்கு ஒரு நொடி உயிர் திரும்பியது. "அப்ப பயம் இல்லையா அக்கா?"

"என்ன கலர் டிரெஸ் போட்டிருக்கா?" என்றார் அக்கா.

பழுப்பு. கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையில் நான் வாங்கிக் கொடுத்த குளிர் கோட்டு. அவள் செக்கச்செவேல் என்று ஒன்றை எடுத்து மாட்டிக் கண்ணாடி முன் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். 'கண்ணை உறுத்துது. இதுன்னா அழுக்குத் தெரியாது' என்று பழுப்பைத் தலையில் கட்டியவள் நான்.

"பழுப்பு" என்றேன்.

"பழுப்புக் கோட்டுல, புதருக்குள்ள, சத்தமில்லாம குனிஞ்சு உட்காருன்னு சொன்னீங்களா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அய்யோ தேவரே. மான் அப்படித்தானே ரீ உட்காரும்."

நான் மகளுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மெசேஜ் அனுப்பினேன். எழுந்து நில், கத்து, பாட்டுப் பாடு, பாதைக்கு வா. எதையும் அவள் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? பார்க்காதே என்று சொன்னது நான்தானே. சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

"இன்னிக்கு அவளை நான் வெளிய கொண்டு வராம இந்த போனைக் கீழ வைக்க மாட்டேன்" என்று அக்காவிடம் சொன்னேன். அவரிடம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது. வீட்டுக்கார அம்மாளுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தார். நான் பெங்களூரிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கியதுதான் தாமதம், எனக்கு எதுவும் விற்கவேண்டாம், என் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சீறிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டாலே, கம்ப்யூட்டர் பழுது என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் என்றுதான் அங்கே வயதானவர்களுக்குத் தோன்றுமாம்.

"ஊர் பேரைச் சொல்லாதீங்க ரீ! மகள் பேரைச் சொல்லுங்க முதல்ல!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. விடவில்லை நான். மணி அடித்து நின்றதும் திரும்ப, நின்றதும் திரும்ப. கடைசியில் அவர் எடுத்து வாயைத் திறப்பதற்குள் என் மகளின் பெயரைச் சொல்லி, உங்கள் மாடியில் இருக்கும் பெண், இப்போது காட்டுக்குள் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறாள், பழுப்புக் கோட்டு என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

இன்று வேட்டைக்கு முதல் நாளாயிற்றே என்றார் அவர். தன் வாய்க்குள்ளேயே சொன்ன மாதிரி இருந்தது. விடுமுறைக்கு அவளும் எங்காவது போயிருப்பாள் என்று நினைத்து எதுவும் சொல்லாமல் விட்டேனே என்றார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். போனை வைக்காதே, நான் வண்டியில் போகிறேன், பாலம்வரை மண் ரோடு உண்டு என்றார்.

பிறகு ஹாரன். விடாமல், நீளமாக. அந்த ஹாரன் சத்தத்தை அக்காவின் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே தூரத்தில் அந்த டப், டப். வண்டி நின்றது. அவர் இறங்கி என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். அவர் வாயில் அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இங்கே யாரும் இல்லையே என்றார் என்னிடம்.

வரமாட்டாள். என் குரல் கேட்டால்தான் வருவாள்.

"உங்கள் வண்டி ஸ்பீக்கரில் என் குரலைப் போட முடியுமா?" என்று கேட்டேன். பாட்டுக் கேட்பதற்காகத் தன் போனையும் வண்டியையும் மகன் இணைத்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கதவு நான்கையும் திறக்கும் சத்தம் கேட்டது. ம், பேசு என்றார்.

விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பிள்ளைகளை மைக் இல்லாமல் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. ஆனால் அன்று கத்தியதுபோல் நான் என்றும் கத்தியதில்லை.

"வெளிய வாடீ! அம்மா சொல்றேன், வெளிய வா! கையைத் தூக்கிட்டுக் கத்திக்கிட்டே வா! உட்காராதே, எழுந்திரு, எழுந்திரு!"

மேல்மாடியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கீழே காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அக்கா அவர்களைக் கைகாட்டி அமர்த்தியபடி, "இன்னும் ஜோரா, இன்னும் சத்தமா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே எனக்குத் தோன்றியது. குரல் உடைந்து காற்றாக வந்தபோதும் நிறுத்தவில்லை.

முதலில் வீட்டுக்கார அம்மாள் கடவுளைக் கூப்பிட்டது கேட்டது. பிறகு சருகுகள் மிதிபடும் சத்தம். பிறகு என் மகளின் குரல், மெலிதாக, நடுங்கிக்கொண்டு. "கத்தாதம்மா, வந்துட்டேன். வந்துட்டேன்மா."

நான் அக்காவின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். ஓடையின் எதிர்க்கரையிலிருந்து, வேட்டைக்காரர்கள் போடும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடையில், துப்பாக்கி முனையைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி ஒருவர் நடந்து வந்ததாக மகள் பிறகு சொன்னாள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். வண்டியின் பக்கம் வந்து, இன்னும் இணைப்பில் இருக்கும் அந்தப் பெண்மணி யார் என்று கேட்டார். இவளுடைய அம்மா என்றார் வீட்டுக்கார அம்மாள். வந்தவர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "அம்மா, அந்தப் புதரைத்தான் நான் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பாக ஏதோ அசைந்தது. இன்னொரு தரம் அசையட்டும் என்று காத்திருந்தேன்."

பெண் பிள்ளை யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல் இருந்தால்தான் பத்திரம் என்று அவளை அத்தனை வருடம் வளர்த்தவள் நான். இன்று வீடியோ காலில் அவள் வாய்விட்டுச் சிரிக்கும்போது, 'மெதுவாடி' என்று நாக்கு நுனிவரை வரும் வார்த்தையை அந்த மனிதரின் குரல்தான் ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்துகிறது.