கல் முந்தி வந்த சாலை

“ஷூ கம்பெனிப் பொண்ணுங்க, செருப்பைக் கையில தூக்கிக்கினு நிக்கிறீங்களே, இன்னா விஷயம்?”

நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. குடியாத்தம் சாலையில், எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், ஆம்பூர்த் தொழிற்சாலைப் பேருந்துக்காக நாங்கள் ஆறேழு பேர் முழங்கால் வரை சேற்றோடு நின்றிருந்தோம். சாலையைப் பார்வையிட வந்தவர் ஜீப்பை நிறுத்தி இறங்கிவிட்டார். எந்த நாட்டுக்காரன் காலுக்கோ ஷூ தைக்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ச் சாலையில் ஓடைமேல் இருந்த சிறுபாலம் இடிந்துபோனது. கம்பெனி பஸ் உள்ளே வருவது நின்றது. மழை பிடித்தால் ஓடையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். “இந்த மழையோட வேலைய விட்டுடு. தண்ணி இழுத்துக்கினு போனா யார் பதில் சொல்றது?” என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். பெற்றவர் பயத்தைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் அந்த வேலை எனக்கு உயிர். தையல் லைனில் என் கை ஓடும் வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் தலையாட்டும்போது வந்த பெருமை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ஊரார் மனு கொடுக்காமல் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் “அது ஹைவேஸ் ரோடு” என்பார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்தில் “எங்களுதே இல்ல” என்பார்கள். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்கள் பெரியப்பா. மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்ட, குடியாத்தம் என்று எழுதிய பச்சைத் தலை கிலோமீட்டர் கல் ஒன்றை டிராக்டரில் ஏற்றிவந்து, ஊர்ச் சாலையின் தொடக்கத்தில் நட்டுவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் அதற்குப் பெயிண்ட் வேறு. ஊருக்கு ஒரு கௌரவமாம். ஒன்றியத்திலிருந்து யார் வந்தாலும் கல்லைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தக் கல்லை நம்பிப் போனால் குடியாத்தம் வராது, எங்கள் ஊர்க் களத்துமேடுதான் வரும்.

மேடம் கல்லைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “கல்லு மொதல்ல வந்துடுச்சு, ரோடுதான் இன்னும் வரல.” பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஊராட்சிச் சாலையும் ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. மாவட்டச் சாலையும் மாநில நெடுஞ்சாலையும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. பஸ் ஓடுகிற, அடுத்த ஊரோடு இணைக்கிற ஒன்றியச் சாலையை ஒன்றியத்தார் தீர்மானம் போட்டுக் கொடுத்தால், நெடுஞ்சாலைத் துறை வாங்கி மாவட்டச் சாலையாக்கலாம். “ஆனா அவங்களுதுன்னு அவங்க ஒத்துக்கினாதானே எங்களுக்குக் குடுக்க முடியும்? அதுக்கு இந்தக் கல்லு போவணும்.”

“புள்ள மாதிரி பாத்துக்கினேன் மேடம்” என்றார், ஜீப் நிற்பதைப் பார்த்து ஓடிவந்திருந்த பெரியப்பா.

“தெரியுதுங்க. எங்க ஆளுங்க இவ்ளோ அழகா பெயிண்ட் அடிக்க மாட்டாங்க.”

பெரியப்பா கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். அவரே கடப்பாரை எடுத்துவந்து கல்லைப் பெயர்த்தார்.

கல் போனபின் ஒன்றியத்துக்குச் சாக்கு இல்லை. ஓடையில் சிமெண்டுக் குழாய்கள் போட்டு மண் நிரப்பித் தற்காலிகமாக வழி செய்தார்கள். அப்பா அதன்மேல் தானே நடந்துபார்த்துவிட்டு வந்து, “சரி, போய்ட்டு வா” என்றார். மேடம் அதோடு விடவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் வந்துபோகிறவர், தன் பொறுப்பில் இல்லாத ஒரு சாலையைத் தன் துறைக்கு வாங்குவதற்காக ஒன்றிய அலுவலகத்துக்கும் தன் மேலதிகாரிகளிடமும் நடையாய் நடந்தார். எனக்கென்ன என்று அன்றைக்கு ஜீப்பில் ஏறிப் போயிருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. புதுப் பாலம் எழும்புவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்தப் பாலத்தில் அவர் ஒருமுறைகூடப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது கம்பெனி பஸ் ஊருக்குள் வருகிறது. அதே தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். சென்ற மழையில் பாலத்தை ஒட்டிச் சாலையில் ஒரு குழி விழுந்தது. நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பழைய பழக்கம், ஊர் வரலாறு முழுவதையும் சொல்லத் தயாராகத்தான் ஆரம்பித்தேன். சாலையின் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கமிருந்தவர் நிறுத்தினார்.

“எங்க ரோடுதாம்மா. குழி எந்த எடத்துல, அத்த சொல்லுங்க.”

“பாலத்த ஒட்டி” என்று மட்டும் சொன்னேன்.