சும்மா இருப்பவர்களுக்கான வேலை

சந்தியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் 'இரண்டு நாள் தொழில் வழிகாட்டல் பட்டறை' என்று போட்டிருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களும் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவர்களும் வரலாமாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார்.

"பட்டறையோ? அங்க போய் என்ன, மண்வெட்டி அடிக்கப் போறியோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் குசினியை யார் பார்ப்பது என்ற கேள்வி பகிடிக்குள்ளேயே இருந்தது. எங்கள் வீட்டில் நேரடியாக ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நான் போயே தீருவேன் என்று நின்றதற்குக் காரணம் இருந்தது. கிளிவெட்டியில் இருந்த என் சின்னம்மா அந்த வருடம் காய்ச்சலில் செத்துப்போனார். சித்தப்பா வயலும் சின்னப் பிள்ளைகளுமாகத் தனித்துப் போனார். முப்பத்தோராம் நாள் செலவு வீட்டிலேயே, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பேச்சுத் தொடங்கிவிட்டது. எனக்குக் கம்பஸுக்குப் போகப் புள்ளி போதாமல் போயிருந்தது. அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "வேலை ஒண்டு கிடைச்சால் இஞ்ச இரு. இல்லாட்டி சித்தப்பாவோட போய் இரு. அதுகளைப் பார்க்க ஆளில்லை."

அந்தப் பிள்ளைகள் பாவம்தான். இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் என் அண்ணனும் பரீட்சை எழுதிவிட்டுத்தான் வீட்டில் இருந்தான். பகல் முழுக்க டச்சுக்குடாக் கரையில் கரம்போட் விளையாடுவான். அவனைக் கிளிவெட்டிக்கு அனுப்புவோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை. எனக்கென்று ஒரு மேசை, ஒரு கதிரை, காலையில் சேலை கட்டிக்கொண்டு துறைமுக வீதியால் நடந்து போக ஒரு காரணம். அவ்வளவுதான் நான் கேட்டது.

பட்டறையை நடத்தக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தமிழர்தான். எங்கள் வெக்கையிலும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தாத மனிதர். கதவை எப்படித் தட்டுவது, கதிரையை இழுக்கும்போது சத்தம் வராமல் எப்படி இழுப்பது, கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது என்றெல்லாம் செய்து காட்டினார். ஆம்பிளையளின் முகத்தைப் பார்த்துக் கதைக்காதே என்று பிறந்த நாள் தொட்டுச் சொல்லி வளர்த்த பிள்ளைகளை, இரண்டு நாளில் அதிகாரிமாரின் கண்ணைப் பார்க்க வைக்கப் பார்த்தார். நாங்கள் அவருடைய மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைப் பார்த்துப் பழகினோம்.

இரண்டாம் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒரே கேள்வி கேட்டார்: "இப்ப என்ன செய்யிறீங்கள்?"

முதல் வாங்கில் இருந்தவன் எழும்பினான். "சும்மா இருக்கிறன் சேர்." அடுத்தவள், "சும்மாதான் இருக்கிறன் சேர்." மண்டபம் முழுக்க அதே பதில்தான். வேறு என்ன சொல்வது? படிப்பு முடிந்து வேலை கிடைக்காத எவரும் எங்கள் ஊரில் சொல்லும் பதில் அது ஒன்றுதான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கரும்பலகையில் 'சும்மா' என்று பெரிதாக எழுதி, அதன் மேல் சோக்கட்டி முறியக் கோடு கிழித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, காலமை எழும்பி என்ன செய்யிறனீங்கள்?"

சொன்னேன். விடியக் காலமை பாண் வாங்கக் கியூவில் நிற்பது, சங்கக்கடைக்குப் போவது, ஏழு பேருக்குச் சமைப்பது, பின்னேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, கேட்டவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது.

"இவ்வளவையும் செய்துபோட்டுச் சும்மா இருக்கிறன் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமாயில்லையோ? இதெல்லாம் அனுபவம். நேர்முகப் பரீட்சையில இதைச் சொல்லுங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேலைகளை வேலை என்று சொன்ன முதல் ஆள் அவர். வீட்டுக்கு வந்து தேங்காய் துருவிக்கொண்டே அந்தப் பதிலைப் பாடமாக்கினேன். 'வீட்டு நிர்வாகம் பார்க்கிறேன், மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன், தையல் வேலை செய்கிறேன்.' பட்டறையில் என் பக்கத்தில் இருந்த கிண்ணியாப் பிள்ளைக்கு அது வாயில் வரவேயில்லை. தகப்பனின் பலசரக்குக் கடையை முழுக்க அவள்தான் பார்த்தாள். ஆனாலும் அதைச் சொல்லச் சொன்னால், "எனக்கு ஏலா, நாக்கு சுருளுது" என்று சிரித்துவிடுவாள்.

அடுத்த மாதமே ஒரு அலுவலகத்தில் பயிலுனர் எழுதுவினைஞருக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் நேர்முகம். கதவைத் தட்டினேன். கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்தேன். நடுவில் இருந்த பெரியவரின் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன். அவர் என் பெறுபேறுகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இப்ப பிள்ளை என்ன செய்யிறீங்கள்?"

தண்ணீர் பட்டபாடாகச் சொன்னேன். ஒரு சொல் தவறவில்லை. அவர் பேனையை மூடி வைத்தார்.

"நல்ல சந்தோசம். அப்ப உங்களுக்குத் தொழில் இருக்கு. இந்த இடம் ஒரு தொழிலும் இல்லாமல் இருக்கிற பிள்ளையளுக்கு எண்டுதான் தந்திருக்கினம்."

நான் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு எவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. தைத்துக் கொடுப்பதற்கும் அப்படித்தான். அதைச் சொல்ல வேண்டும். வாயில் வந்தது ஒரே சொல்.

"ஐயோ, அதெல்லாம் சும்மா சேர்."

"சும்மாவோ? அப்ப இவ்வளவு நேரமும் சும்மா சொன்னனீங்களோ?"

காசு வாங்காமல் செய்வதும் சும்மா, பொய் சொல்வதும் சும்மா. என்ன பாஷையடா இது என்று அன்றைக்கு என் தாய்மொழி மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நான் விளங்கப்படுத்தத் தொடங்குவதற்குள் அவர் மணியை அடித்துவிட்டார்.

கிண்ணியாப் பிள்ளை பிறகு உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "எல்லாம் மறந்துபெய்த்து. ஊட்ட சும்மா இரிக்கன் எண்டு சொல்லிப்போட்டு வந்துட்டன்" என்றாள்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆற்றைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. கழுத்துப்பட்டி கட்டிய மனிதர் கரும்பலகையை அழித்துவிட்டுக் கொழும்பு ரயிலில் ஏறியிருப்பார், இன்னொரு ஊரில் இன்னொரு மண்டபத்தில் அதே கோட்டைக் கிழித்துக்கொண்டிருப்பார். எந்த மேசையில் எதைச் சொன்னால் வயிற்றில் அடிப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது. தெரியாததைத்தான் எங்களுக்கு இரண்டு நாள் படிப்பித்தார்.

சித்தப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் பிள்ளையை அனுப்பிறீங்கள்?" என்று கேட்டார். "அவள் இஞ்ச சும்மாதானே இருக்கிறாள்" என்றார் அம்மா. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கிளிவெட்டியில் பிள்ளைகள் என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். வேலைக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போய்வர விட்டார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் குசினியில் முன்பின் தெரியாத ஒரு மனுசி அம்மியில் அரைத்துக்கொண்டு இருந்தார். அண்ணன் கரம் விளையாடப் போயிருந்தான்.

"நீ போனாப்பிறகு எனக்கு ஒண்டும் ஏலாமல் போச்சு" என்றார் அம்மா. "அப்பாதான் சொன்னார், ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பம் எண்டு. சமையல் மட்டும்தான் செய்வா. கடைக்குப் போறதெண்டால் அதுக்கு வேறயாக் குடுக்கவேணும். இந்த அக்கம்பக்கத்துப் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கவும் ஒரு மாஸ்டரைப் பிடிச்சிருக்கினம், அவரும் மாசம் முடிய முன்னம் காசைக் கேக்கிறாராம்."

நான் பெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த மனுசி அம்மியைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் வாறன் அம்மா" என்று சொல்லிப் போனார்.

"நாளைக்கு ஞாயிறு, அவவுக்கு லீவு" என்றார் அம்மா. "நல்லவேளை நீ வந்தாய்."