முந்திப் போட்ட விண்ணப்பம்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை செய்த அப்பா, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்தவன் நான்தான்.

நான் ஆசைப்பட்ட அமெரிக்கக் கல்லூரிக்கு நவம்பரிலேயே விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது சுலபம். ஆனால் கிடைத்தால் மற்றக் கல்லூரிகளை விட்டுவிட்டு அங்கேதான் போகவேண்டும்; காசு கட்ட வழியில்லை என்றால் மட்டும் விலகலாம். திறமைக்கு உதவித்தொகை தரும் வேறு கல்லூரிகளுக்கும் போட்டுவிட்டு, வசந்தம்வரை பொறுக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"விசரே தம்பி உனக்கு? நாங்கள் வந்திறங்கின அண்டைக்கே அகதி கேஸ் குடுத்தனாங்கள். யோசிச்சுக்கொண்டு நிண்டவையைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். முந்திப் போடு!"

போட்டேன். இடம் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து நின்ற எல்லோருக்கும் அப்பா சொன்னார். உதவித்தொகை இல்லை என்ற பதில் பெப்ரவரியில்தான் வந்தது. அந்தக் கட்டணம் எங்களால் முடியாதது. இடத்தை வேண்டாம் என்று எழுதினேன். மற்றக் கல்லூரிகளின் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா வேலைக்குப் புறப்படும்போது கேட்டார்: "பொறுத்திருந்தா மற்றவங்கள் காசு தந்திருப்பாங்களோ?"

"தெரியாது அப்பா" என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். நான் "ஓம்" என்றேன்.

அவர் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மொன்றியலிலேயே படித்தேன், வேலையும் கிடைத்தது. அதன் பிறகு எதைக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், நீயெல்லோ படிச்சனீ" என்பார். கோபமே இருக்காது. போன மாதம் என் கலியாணப் பேச்சுக்கும் அதே பதில்தான். ஒருமுறையாவது என்னோடு சண்டை பிடித்து, இப்படிச் செய் என்று சொல்லமாட்டாரா என்றிருக்கிறது.