எல்.கே.ஜி.க்காக ஒரு சிசேரியன்

நெல்லித்தோப்பில் நான் நர்ஸாக இருந்த நர்சிங் ஹோமில், சிசேரியன் கேஸ் ஷீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். குழந்தை குறுக்கே கிடக்கிறது, துடிப்பு குறைகிறது என்று எழுதுவோம். அந்தக் கட்டம்தான் ஒரு நாள் என் மானத்தை வாங்கியது.

தவளக்குப்பத்துக் கலைச்செல்விக்குத் தலைப்பிரசவம். குறித்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வலி இல்லை, பிரஷர் இல்லை, ஒரு குறையும் இல்லை. அவள் கணவர் பாஸ்கர் கையில் பள்ளிக்கூட விண்ணப்பம் வைத்திருந்தார். பெயர் பென்சிலில், பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பிறந்த தேதி மட்டும் காலி.

“ஸ்கூல் வயசுக் கணக்குக்கு நாளைக்குத்தான் கடைசித் தேதி. அதுக்குள்ள பொறந்தாதான் சிஸ்டர், எங்க அண்ணன் புள்ளையோட ஒரே கிளாஸ். தாண்டிட்டா ஒரு வருஷம் கீழ. காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க.”

டாக்டரம்மாவுக்கும் அது வசதி. வலிக்குக் காத்திருந்தால் நாள் முழுக்கப் போய்விடும். தேதி வைத்தால் பத்து மணிக்கு முடியும், பில்லும் பெரிது.

“காரணம் என்ன எழுதறது மேடம்?”

“எதாவது எழுதும்மா, வெளிய ஓ.பி. நிக்குது.”

இருபது வருடமாக ‘எதாவது’ எழுதிய கை. எரிச்சலில் உள்ளதை அப்படியே எழுதினேன்: எல்.கே.ஜி. அட்மிஷன்.

மறுநாள் காலை தியேட்டரில் மயக்க டாக்டர் அதை உரக்கப் படித்தார்.

“இது என்ன புது வியாதி? நான் படிக்கறப்ப இல்லியே!”

டாக்டரம்மா என்னை முறைத்தார். மயக்க டாக்டர் கலைச்செல்வியிடம் குனிந்தார்.

“உனக்கு இந்த ஆபரேஷன் வேணுமாம்மா?”

“என்னை யாரும் கேக்கல சார். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். வலி வர வரைக்கும் இருந்து பாக்கணும்னுதான் ஆசை.”

அவர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தக் கையெழுத்தை வாங்கியவளே நான்தான்.

வாசலில் பாஸ்கர் விண்ணப்பத்தோடு அலைந்தார். “சீட்டு போச்சே சிஸ்டர்!” டாக்டரம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து சுகப்பிரசவம், பையன். பாஸ்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “பொறந்த அன்னிக்கே ஒரு வருஷம் ஃபெயில்!”

“அந்த ஒரு வருஷம் வெளையாடட்டும்” என்றாள் கலைச்செல்வி.

சிசேரியனை நான் குறை சொல்லவில்லை. அதனால் பிழைத்த எத்தனையோ குழந்தைகளை இந்தக் கையில்தான் வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு, அவசரமில்லாத கேஸ் என்றால், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, “உனக்கு வேணுமாம்மா?” என்று கேட்ட பிறகுதான் ஃபார்மை நீட்டினேன். நிறையப் பேர் பதில் சொல்லும் முன் கதவைத்தான் பார்த்தார்கள்.