எலோர்டி வீட்டு நெகானேயின் கல்

எலோர்டி வீட்டுப் பெலிபா யார் வம்புக்கும் போகாதவள். நாலு பசு, ஒரு ஆப்பிள் தோட்டம், எங்கள் பாஸ்க் மொழியைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத வாய். அவ்வளவுதான் அவள் சொத்து. புருஷன் சண்டையில் போனான். ஒரே மகள் நெகானே ஏழு வயதில் காய்ச்சலில் போனாள். அந்தக் குழந்தையின் சவ ஊர்வலத்தில் சிலுவை தூக்கி முன்னால் நடந்தவன் நான். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அண்டை வீட்டுக்காரன்தான் முதலில் நிற்க வேண்டும், சொந்தக்காரன் அப்புறம்தான்.

1938இல், உள்நாட்டுச் சண்டையில் ஜெனரலின் படை ஊரைப் பிடித்த மறுவருஷம், ஊர்மன்றக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். கல்லறைகளில் பாஸ்க் பெயர் இருக்கக் கூடாதாம். வீட்டாரே சனிக்கிழமைக்குள் அழித்துவிட்டு ஸ்பானியப் பெயர் வெட்ட வேண்டுமாம். அடப் பாவிகளா, செத்த குழந்தை உங்களுக்கு என்ன சதி செய்யும்?

"நெகானேயை இனிமே டோலோரெஸ்னு வெட்டணுமாம். எர்ராமுன், யாரு அந்த டோலோரெஸ்? நான் பெத்தது அவளை இல்லையே!" என்று என்னிடம் கேட்டாள் பெலிபா.

அதே வாரம் பெரிய பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து இறங்கினார். எங்கள் மொழியின் வேரைத் தேடுகிறாராம். எங்கள் மொழியைப் படித்துத்தான் வைத்திருந்தார், பொய் சொல்லக் கூடாது. பெலிபாவின் அடுப்படியில் உட்கார்ந்து, சோள ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றபடியே, கோடரிக்கு என்ன சொல்வீர்கள், மண்வெட்டிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"ரோமானியர் வர்றதுக்கு முன்னாடியே இது இங்க இருந்துச்சும்மா. ஐரோப்பாவுல இதுக்கு ஒட்டு உறவே கிடையாது. எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பொக்கிஷம்மா இது!"

"அப்படியா? வாங்க, உங்க பொக்கிஷத்தைக் காட்டுறேன்."

கல்லறைத் தோட்டத்துக்கு விறுவிறுவென்று கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே நாலைந்து வீட்டார் குனிந்து, தங்கள் செத்தவர்களின் பெயரைத் தாங்களே உளியால் கொத்தி அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலன் சிகரெட் பிடித்தபடி மேற்பார்வை பார்த்தான்.

"ஐயா, இந்த ஒரு பேரை மட்டும் விட்டுடச் சொல்லி ஒரு கடுதாசி குடுங்க. நீங்க படிச்சவரு, சொன்னாக் கேப்பாங்க."

அந்த மனுஷன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் மொழியை ஆராயிறவன்மா. அரசாங்க விஷயத்துல தலையிடுறதில்ல."

"பேசுறவங்க வாயை அவங்க பொத்துவாங்க, நீங்க மொழியை ஆராய்வீங்களா? போங்கய்யா!"

சனிக்கிழமை விடியும் முன்னே என் கதவைத் தட்டினாள். "எர்ராமுன், கடப்பாரையை எடு. அண்டை வீட்டுக்காரன்தானே நீ?"

இருவருமாக நெம்பிக் கல்லைக் கவிழ்த்துப் போட்டோம். பெயர் மகளைப் பார்த்துக் கிடந்தது. காவலன் வந்து மொட்டைக் கல்லைத் தடவிப் பார்த்தான்.

"டோலோரெஸ் எங்க?"

"கல்லுல எழுத்து வெட்டுற ஆளை நீங்கதானே ஜெயில்ல வெச்சிருக்கீங்க?" என்றேன். முறைத்துவிட்டுப் போனான்.

பதினேழு வருஷம் அந்த மொட்டைக் கல்லின் மேல் மெழுகுத்திரி ஏற்றினாள் பெலிபா. மகள் பெயரை மறுபடி கண்ணால் பார்க்காமலே செத்தாள்.

அவள் செத்த அடுத்த வருஷம் அந்தப் பேராசிரியரின் புத்தகம் வந்தது. எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருந்ததைப் பாதிரியார் எனக்கு வாசித்துக் காட்டினார்: "தம் மொழியை எழுதிவைப்பதில் இம்மக்கள் என்றுமே அக்கறை காட்டியதில்லை. இவ்வூர்க் கல்லறைகளில் ஒரு பாஸ்க் பெயரைக்கூட நான் காணவில்லை."