குறிகாட்டுவான் துறையில் பிணையிருந்த பகல்

நயினாதீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் நான் மூன்று ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்: மஸ்ட், ஷுட், ஹேவ் டு. தமிழில் மூன்றுக்கும் ‘வேண்டும்’ போதும். ஆனால் யுத்த காலம்; துறையில் காவல் நிற்கும் கடற்படைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. மனைவியின் இன்சுலின் இரண்டு ஊசிக்குத்தான் மிச்சம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறித்தால்? அதற்குமேல் எண்ண எனக்குத் துணிவில்லை.

பத்தொன்பது வருடம் இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். துவக்கு வைத்திருப்பவனிடம் எதைச் சொல்வது? மஸ்ட் என்றால் அவனுக்கே கட்டளை போடுவதுபோல் இருக்கும். ஷுட் வெறும் புத்திமதி. ஹேவ் டுதான் நல்லது. வேறு வழியில்லாமல் வந்தோம் என்று காட்டும். முணுமுணுத்துப் பார்த்தேன்.

“என்ன, வகுப்பு நடக்குதோ?” என்றாள் மனைவி.

“நீர் பேசாமல் இரும். பிழையாய்ச் சொன்னால் சுட்டுப்போடுவான்.”

“இலக்கணப் பிழைக்கு ஆரையும் சுட்டதாய் நான் கேள்விப்படேல்லை.”

எங்களுக்கு முன்னால் இறங்கிய ஆறு பேரையும் காவலுக்கு நின்றவன் கைகாட்டித் திருப்பினான். இருபது வயது இருக்காது. என் முறை வந்தபோதும் நான் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி மருந்துக் குப்பியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் குப்பியைப் பார்த்தான். பின்னாலிருந்த காவலரணைப் பார்த்தான். “ஐ ஹேவ் டு ஸ்டொப்,” என்றான் மெல்ல. அவனுக்கும் பயம். அது என் பயத்தைக் கூட்டியது. பயந்தவன் கையில்தானே துவக்கு.

குப்பியோடு உள்ளே போய்த் திரும்பினான். அவளைக் காட்டி, “கோ.” என்னைக் காட்டி, “யூ மஸ்ட் ஸ்டே.” அவள் வரும்வரை நான் பிணை.

“பயப்படாதேங்கோ, வந்திடுவன்,” என்று சொல்லி பஸ் ஏறினாள்.

வெயிலில் ஒரு கல்லில் இருந்தேன். வழியில் அவளுக்கு மயக்கம் வந்தால்? முதல் பஸ்ஸில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதற்குள் காவல் மாறிவிட்டது. என்னை ஏன் இருத்தியிருக்கிறது என்று புதியவனுக்குத் தெரியாது. துவக்கு முனையால் எழும்பச் சொல்லிக் காட்டினான். நான் போய்விட்டால் அவளைத் திரும்பப் படகில் ஏறவிடுவார்களோ என்ற பயம் துவக்கின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“ஐ மஸ்ட் ஸ்டே,” என்றேன். எழும்பவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது பஸ்ஸில் மருந்துப் பிளாஸ்க்கை அணைத்தபடி அவள் இறங்கினாள்.

“இன்னும் இதிலயே இருக்கிறியளோ?”

“இருக்கத்தானே வேணும்.”

எழும்பப் பார்த்தேன், ஏலவில்லை. அவள் கைகொடுத்தாள். படகுக்குப் போக இன்னும் அந்தப் புதியவனைத் தாண்ட வேண்டியிருந்தது.